வளையம் வரைக்கும் தண்ணீர்

12 ஜனவரி 1989

ஃப்ளோருக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்காமல் இழுப்பறைக்குள் தள்ளிவிடாதே. எட்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் சும்மா எழுதமாட்டாள் என்று உனக்கே தெரியும். போன் செய்யலாம் என்று இரண்டு தரம் கையில் எடுத்தேன், தைரியம் வரவில்லை. நீ ஹைஃபாவில் வைத்துவிட்டால் நான் இங்கே அல்சாஸில் என்ன செய்ய முடியும்?

போன ஞாயிறு உன் மகள் திர்ட்சா இங்கே வந்தாள். கூடவே அந்த ஸ்ட்ராஸ்பர்க் பையன் ரெமி. உன்னிடம் சொல்லாமல் வந்ததாகச் சொன்னாள், அதற்காக அவளைத் திட்டாதே. மாமா இருந்த வீட்டைக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தரம் பார்க்கவேண்டும் என்று தோன்றியதாம். பேரிக்காய் குகல் செய்து போட்டேன். மாப்பிள்ளை மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், நல்ல பிள்ளைதான்.

பிறகு நிலவறைக்கு அழைத்துப் போகச் சொன்னாள். நகராட்சியிடம் சாவி வாங்கி, டார்ச்சைக் கொடுத்து அனுப்பினேன். முப்பத்தொரு படியும் இறங்கிவிட்டு, முழங்காலெல்லாம் வெள்ளைத் தூசியோடு ஏறி வந்தாள்.

"அத்தை, படியெல்லாம் அப்படியே இருக்கு. தண்ணி எங்க?"

"அறுபத்தொண்ணுல சந்தைத் திடல்ல பம்ப் வெச்சாங்கடி. சுத்துப்பட்டு நிலவறைங்கள்ல தண்ணி ஏறுதுன்னு. அன்னிக்குப் போனதுதான்."

"கல்யாணத்துக்கு முன்னாடி நான் முழுகுறதுன்னா அம்மா முழுகின இடத்துலதான். பம்ப்பை நிறுத்தச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அப்படியே உன் வார்ப்பு.

நகராட்சியின் கட்டடக் கலைஞர் குன்ட்ஸிடம் போய்ச் சொன்னேன். ஜூலையில் அவர்கள் நம் யூதப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக முழுகிய மிக்வேயின் மேல் கண்ணாடி போட்டு மூடப்போகிறார்கள், உள்ளே விளக்கு வைத்து. துண்டு கட்டிய பொம்மை ஒன்றையும் நிறுத்தலாம் என்று யாரோ சொன்னார்களாம். "கல்லுக்குத் தண்ணி ஆகாது மேடம். பம்ப்பை நிறுத்துனா கடைத்தெரு மொத்தமும் முழுகிடும்" என்கிறார் அவர். பம்ப் வருவதற்கு முன்னால் தண்ணீர் எந்தப் படி வரை நின்றது என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோதே அது பூட்டிக் கிடந்தது. அதில் தண்ணீர் நின்றதைப் பார்த்தவள் உயிரோடு இருப்பது நீ ஒருத்திதான்.

கல்யாணம் ஜூன் 18. எந்தப் படி என்று மட்டும் எழுது. மற்றதை எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

கிளெமான்ஸ்


2 பிப்ரவரி 1989, ஹைஃபா

அண்ணிக்கு,

திர்ட்சாவைத் திட்டியாகிவிட்டது. உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே அவளே சொல்லிவிட்டாள்.

நீங்கள் கேட்டதால் என் பங்குக்கு நானும் ஒன்று கேட்கிறேன். என் அம்மாவும் அவள் அம்மாவும் இறங்கிய படிகளை நகராட்சிக்குத் தூக்கிக் கொடுத்தபோது என்னிடம் எந்தப் படி என்று கேட்டீர்களா? அண்ணன் செத்து ஒரு வருடம் முடியவில்லை. எனக்கு விஷயம் எப்படித் தெரிந்தது தெரியுமா? பழைய பக்கத்து வீட்டுக்காரி செய்தித்தாளில் வெட்டி அனுப்பிய துண்டு. அதில் மேயரின் கையில் நீங்கள் சாவியைக் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள், நல்ல தொப்பி வேறு.

விளக்கு வைத்துக் கண்ணாடி போட்டால் அது மிக்வே ஆகிவிடாது. தண்ணீர் இல்லாத மிக்வே வெறும் பள்ளம். பள்ளத்தைப் பாதுகாக்க நான் எதற்கு?

ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓடு பதித்த புது மிக்வே இருக்கிறது, சுடுதண்ணீர் வசதியோடு. திர்ட்சா அங்கே போகட்டும்.

ஃப்ளோர்

இதைக் கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். அந்த வெள்ளைத் தூசி எந்தப் படியிலிருந்து தொடங்குகிறது?


15 பிப்ரவரி 1989

ஃப்ளோருக்கு,

அந்தத் தொப்பி இரவல்.

திட்டிவிட்டாய், சரி. இப்போது என் பக்கத்தையும் கேள். உன் அண்ணன் அர்மான் போனபோது கூரையில் பாதி உள்ளே விழுந்து கிடந்தது. பின்தெருத் திராட்சைமது வியாபாரி நிலவறையை விலைக்குக் கேட்டான். எதற்கு என்று கேட்டேன். "மணலைக் கொட்டி மட்டம் பண்ணிட்டுப் பீப்பா அடுக்கணும்" என்றான். நான் விற்காவிட்டால் எனக்குப் பின்னால் யாராவது விற்பார்கள். நகராட்சி பெயரில் எழுதிவிட்டால் ஒரு கல்லைக்கூட அசைக்க முடியாது என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். மேல்மாடியில் சாகும்வரை நான் இருந்துகொள்ளலாம். உனக்கு மூன்று கடிதம் எழுதினேன், மூன்றையும் அனுப்பவில்லை. நீ வேண்டாம் என்று சொல்வாய், நான் மீற வேண்டியிருக்கும் என்று பயந்தேன். அது தப்புதான். இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

தூசி அடியிலிருந்து ஏழாவது படி வரைக்கும்தான் இருக்கிறது. நீ கேட்டதற்காகவே நானே இறங்கிப் போய் விரலால் தேய்த்துப் பார்த்தேன். அதற்கு மேலே உள்ள படிகள் பளிங்கு மாதிரி இருக்கின்றன, கீழே உள்ளவைதான் சர்க்கரைபோல உதிர்கின்றன. குன்ட்ஸைக் கூட்டி வந்து காட்டினேன். மனிதர் முழங்காலிட்டு, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, கல்லை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"எழுநூறு வருஷமா தண்ணிக்குள்ளேயே இருந்த கல்லு இது மேடம். காஞ்சதாலதான் உப்பு பூத்து உதிருது. நான்தான் தலைகீழா நெனச்சிட்டேன்."

ஆக கல்லும் உன் மகளும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். ஆனால் கடைத்தெரு நிலவறைகளுக்கு யார் பொறுப்பு என்று மேயர் கேட்கிறார். போருக்கு முன்னால் பம்ப்பே இல்லாமல் அவை எப்படிக் காய்ந்து கிடந்தன என்று யாருக்கும் தெரியவில்லை. போருக்குப் பிறகுதான் வருடத்துக்கு வருடம் தண்ணீர் ஏறியதாம். ரொட்டிக்கடை ஷாலின் அப்பா அறுபது மூட்டை மாவை இழந்தாராம், இன்றைக்கும் ஷால் அந்தக் கதையைச் சொல்லித்தான் ரொட்டி விற்கிறார்.

உனக்கு ஏதாவது தெரியுமா?

கிளெமான்ஸ்


1 மார்ச் 1989, ஹைஃபா

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. போருக்குப் பிறகுதான் தண்ணீர் ஏறியது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டதுபோல் விழுந்தது.

அடியிலிருந்து ஏழாவது படியில், இடது சுவரில், ஒரு இரும்பு வளையம் இருக்கும். பிடித்துக்கொண்டு இறங்குவதற்காக வைத்தது. தண்ணீர் எப்போதும் அந்த வளையத்துக்கு நேரே வந்து நிற்கும், அதற்கு மேல் ஒரு விரல்கூட ஏறாது. காரணம், வளையத்துக்குக் கீழே முழங்கை போகும் அளவுக்கு ஒரு துளை. மிச்சத் தண்ணீர் அதன் வழியாகத் துணிதுவைக்கும் துறைக்கு அடியில் உள்ள வாய்க்காலுக்குப் போய்விடும். அம்மா அதைக் காட்டியிருக்கிறாள்.

அந்தத் துளையை அடைத்தவள் நான்.

நாற்பதில் ஜெர்மன்காரன் எங்களை விரட்டினான். நாற்பத்தைந்தில் திரும்பி வந்தபோது அம்மா இல்லை, தெற்கே அடைக்கலம் போன பெரிகோ பகுதியிலேயே புதைத்துவிட்டோம். மிக்வேக்குள் ஊரின் குப்பை, உடைந்த ஓடு, ஒரு வண்டிச் சக்கரம்கூடக் கிடந்தது. அடுத்த வசந்தத்தில் எனக்குக் கல்யாணம். அண்ணனும் நானும் அள்ள முடிந்த மட்டும் அள்ளினோம். அடியில் இறுகிப்போனதை அசைக்க முடியவில்லை. தண்ணீர் இடுப்பு வரைதான் வந்தது. ஒரு முடி வெளியே தெரிந்தாலும் முழுக்கு செல்லாது. குடத்தில் மொண்டு ஊற்றி நிரப்பவும் முடியாது, ஆள் மொண்ட தண்ணீர் ஆகாது, தானாக வந்ததுதான் வேண்டும். என்ன செய்வேன்? துளையை அடைத்தேன். தீட்டுப்படும் துணியை வைத்து அடைக்கக்கூடாது என்று அம்மா எப்போதோ சொன்னது நினைவிருந்தது, அதனால் ஒரு செங்கல்லும் களிமண்ணும். களிமண்ணைக் கொண்டு வந்தவன் அண்ணன். இரண்டாம் நாள் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. கசாப்புக்கடை ரெய்ன் அம்மாள்தான் சாட்சியாக நின்றாள். அம்மா இல்லையே என்று நான் தண்ணீருக்குள்ளேயே அழுதேன், அது யாருக்கும் தெரியாது.

பிறகு எடுத்துவிடலாம் என்று இருந்தோம். மறந்தே போய்விட்டது. நாற்பத்தொன்பதில் இங்கே வந்துவிட்டேன்.

தண்ணீர் போக வழியில்லாமல் ஷாலின் மாவு மூட்டைக்குப் போயிருக்கிறது. அதனால் பம்ப். பம்ப்பினால் மிக்வே காய்ந்தது. எட்டு வருடமாக நீங்கள் அதைக் கொன்றுவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கொன்றவள் நான்தான் அண்ணி.

குன்ட்ஸிடம் சொல்லுங்கள். என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

ஃப்ளோர்


20 மார்ச் 1989

என் ஃப்ளோர்,

முதலில் சாப்பிடு.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியதுபோல் ஆகிவிட்டது. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே நான், குன்ட்ஸ், ஒரு கொத்தனார் மூவரும் இறங்கினோம். வளையம் இருந்தது. அதற்குக் கீழே சுவரோடு சுவராக உன் களிமண். கொத்தனார் உளியை வைத்ததும் நான் நிறுத்தச் சொன்னேன். களிமண்ணில் நாலு விரல் பதிந்திருந்தது, நீ அழுத்திய விரல்கள். நான் என் விரலை வைத்துப் பார்த்தேன், நுழையவில்லை. அப்போது நீ அவ்வளவு மெலிந்திருந்தாயா? அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், படி ஈரமில்லாததற்கு அன்றைக்கு மட்டும் நன்றி சொன்னேன்.

இன்னொன்று. அறுபத்தொன்றில் நகராட்சியிலிருந்து வந்து அர்மானிடம் கேட்டார்கள், "உங்க நிலவறையிலேர்ந்து தண்ணி கசியுதா?" என்று. தெரியாது என்றார். அன்றிலிருந்து அவர் நிலவறைக் கதவுப் பக்கமே போகமாட்டார். அந்தப் பூட்டிய கதவுக்கு வெளியே இருந்த உருளைக்கிழங்கை எடுக்கக்கூட என்னைத்தான் அனுப்புவார். சோம்பேறி என்று நான் திட்டாத நாளில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று வாயைத் திறக்காமலே இருந்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். என் மேல் உனக்குக் கோபம், உன் மேல் எனக்குக் கோபம், நடுவில் அவர் ஒரு பிடி களிமண்ணை மனசுக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

துளையைத் திறந்துவிட்டோம். வாய்க்கால் இன்னும் உயிரோடு இருக்கிறது. பஸ்காப் பண்டிகை முடிந்ததும், மே 2 அன்று, பம்ப்பை நிறுத்திப் பார்க்க மேயர் சம்மதித்திருக்கிறார். அடியில் இருந்த குப்பையை நகராட்சிதான் எப்போதோ அள்ளிவிட்டதே, ஆகவே இந்த முறை வளையம் வரை வந்தால் போதும், திர்ட்சா முழுதாக முழுகலாம்.

உன் விரல் பதிந்த களிமண்ணைக் குன்ட்ஸ் உடையாமல் பெயர்த்து எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார். துண்டு கட்டிய பொம்மைக்குப் பதிலாக இனி நீதான் காட்சிப் பொருள்.

கிளெமான்ஸ்


5 ஏப்ரல் 1989, ஹைஃபா

அண்ணி,

இரண்டு நாளாக வீட்டைத் துடைக்கிறேன், பண்டிகைக்காக என்று இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் கை சும்மா இருந்தால் அண்ணன் நினைவு வந்துவிடுகிறது.

ஒன்றே ஒன்று. தண்ணீர் மெதுவாகத்தான் வரும். யாரும் அவசரப்பட்டு ஒரு வாளிகூட ஊற்றிவிடக்கூடாது. எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். தெரியாதவர்கள் நல்லெண்ணத்தில்தான் கெடுப்பார்கள்.

ஃப்ளோர்


19 மே 1989

ஃப்ளோருக்கு,

நீ சொன்னாய். நானும் சொன்னேன். யாரிடம் சொல்ல மறந்தேனோ அவர்களே செய்துவிட்டார்கள்.

பம்ப்பை நிறுத்திய மூன்றாம் நாள் அடிப்படி ஈரமானது. பத்தாம் நாள் மூன்று படி. ஷால் தன் நிலவறையில் வேண்டுமென்றே ஒரு மாவு மூட்டையைத் தரையில் வைத்துக் காவல் காத்தார், அடிமூலைகூட நனையவில்லை. தினமும் காலையில் அவர் என்னிடம் "இன்னிக்கும் காஞ்சுதான் இருக்கு" என்று குறைபோலச் சொல்லிவிட்டுப் போவார், கதை போய்விட்டதே என்று அவருக்கு வருத்தம்.

போன சனிக்கிழமை நான் ஓய்வுநாளுக்குக் கோல்மார் போயிருந்தேன். திரும்பி வந்தால் வாசலில் தீயணைப்பு வண்டி. எட்டுப் பேர் சீருடையோடு வரிசையாக நிற்கிறார்கள், முகமெல்லாம் பல்.

"மேடம், கீழ போய்ப் பாருங்க. நாலு வாரம் காத்திருக்கணுமாமே, நாங்க இருவது நிமிஷத்துல முடிச்சிட்டோம்."

வளையம் வரைக்கும் ததும்பத் ததும்ப, குழாய்த் தண்ணீர். ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்கவில்லை. என்னால் திட்டவும் முடியவில்லை. அதில் ஒருவன் சீருடைக்குள்ளே தன் கல்யாணத்துக்கு வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

ஸ்ட்ராஸ்பர்க் ஜெபக்கூடத்து ரப்பியைக் கூப்பிட்டேன். சந்தேகமே வேண்டாம், ஒரு சொட்டு விடாமல் இறைத்துவிட்டு, தானாக ஊறட்டும் என்று சொல்லிவிட்டார். தீயணைப்புக்காரர்களிடம் இதை எப்படிச் சொல்வது? இரண்டு ருபார்ப் கேக் செய்து எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் தலைவன் முகம் சுருங்கிப்போனது.

"எங்க தண்ணி அழுக்கா மேடம்?"

"உங்க தண்ணி ரொம்ப சுத்தம்ப்பா. ஆனா நீங்க கொண்டு வந்தது. எங்களுக்குத் தானா வரணும்."

கேக்கைக் கையில் வாங்கிக்கொண்டான். பிறகு, "எங்க வீட்டம்மாவும் இப்படித்தான், கேட்டு வாங்குனா பூவு கணக்குல வராதும்பா" என்றான். நேற்று முழுக்க இறைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள், கடைசிச் சொட்டைத் துடைப்பத்தால் ஒற்றினார்கள்.

ஆக இன்றைக்கு மறுபடி பள்ளம்தான். திர்ட்சா முழுகும் வியாழக்கிழமைக்கு இருபத்தேழு நாள் இருக்கிறது. பத்து நாளில் மூன்று படி என்றால் நீயே கணக்குப் போட்டுக்கொள். ஏழாவது படிக்கு வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். திர்ட்சாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

கிளெமான்ஸ்


28 மே 1989, ஹைஃபா

அண்ணி,

திர்ட்சாவிடம் நான் சொல்லிவிட்டேன். "வந்தா வரட்டும்மா, வரலைன்னா ஸ்ட்ராஸ்பர்க்ல முழுகிட்டு, அடுத்த மாசம் அங்க போறேன். நான் ஒருத்தி ஒருதரம் முழுகறதுக்கா அதைத் தொறக்குறீங்க?" என்றாள். நான் அடைத்ததே ஒருத்தி ஒருதரம் முழுகத்தானே.

ஜூன் 6 அன்று புறப்பட்டு வருகிறேன். ஓட்டல் வேண்டாம், மேல்மாடியில் எனக்கு ஒரு கட்டில் போடுங்கள். மேயரையும் அந்த ரொட்டிக்கடைக்காரரையும் நேரில் பார்த்து நானே சொல்லவேண்டும். என் முழங்கால் இனி முப்பத்தொரு படி இறங்காது, நீங்கள்தான் கீழே சாட்சியாக நின்று ஒவ்வொரு முழுக்குக்கும் "கோஷர்", செல்லும், என்று சொல்லவேண்டியிருக்கும்.

எட்டு வருடம் வீணாகப் போய்விட்டது அண்ணி. அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். நேரில் கேட்டால் நீங்கள் ஏதாவது கேலி செய்து என்னை முடிக்கவிடமாட்டீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

ஃப்ளோர்


28 ஜூன் 1989

என் ஃப்ளோர்,

மூக்குக்கண்ணாடியைச் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். தபாலில் அனுப்பமாட்டேன், வந்து எடுத்துக்கொள்.

நீ போனபின் ஷால் தினமும் ஒரு ரொட்டி இலவசமாகக் கொடுக்கிறார். "அறுவது மூட்டைக்குக் காரணமானவங்க ஹைஃபாலேர்ந்து தொப்பி போட்டுக்கிட்டு வந்து மன்னிப்புக் கேட்டாங்க" என்று புதுக் கதை கிடைத்துவிட்டது அவருக்கு, பழையதைவிட நன்றாக விற்கிறதாம்.

கல்யாணத்துக்கு முந்தின வியாழக்கிழமை நீ மேலே கதவோரம் நின்றுகொண்டு, "ஆச்சா, ஆச்சா" என்று நச்சரித்தாயே, கீழே என்ன நடந்தது என்று முழுதாக உனக்குச் சொல்லவில்லை. கல்யாண வீட்டுச் சத்தத்தில் வாய்க்கவே இல்லை.

தண்ணீர் வளையத்துக்கு ஒரு விரல் கீழே நின்றது. முந்தின நாள் இரண்டு விரல். பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. திர்ட்சா வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தத் துளையைப் பார்த்தாள். "அம்மா எங்க நின்னா அத்தை?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, ஆனாலும் கையைக் காட்டினேன். அங்கேயே போய் நின்றாள். ஒரு முடி மிச்சமில்லாமல் உள்ளே போனாள். எழுந்ததும் நான் "கோஷர்" என்றேன். இரண்டாவது முழுக்குக்கும் சொன்னேன். மூன்றாவது தரம் எனக்குக் குரல் வரவில்லை. அவள் தண்ணீர் சொட்டச் சொட்ட என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அப்போதுதான் மேலேயிருந்து நீ "ஆச்சா" என்றாய். அதற்குப் பிறகுதான் சொன்னேன். நீ கேட்ட மூன்றாவது "கோஷர்" அவ்வளவு சத்தமாக இருந்ததற்கு அதுதான் காரணம், சொன்னது பாதி உனக்காக.

நேற்று காலையில் மணி அடித்தது. வாசலில் ஒரு பெண், முப்பது வயது இருக்கும். செலெஸ்டாவிலிருந்து பஸ்ஸில் வந்ததாகச் சொன்னாள். பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அக்குளில் ஒரு துண்டைச் சுருட்டி மறைத்து வைத்திருந்தாள். தெருவை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"தண்ணி இருக்குங்களா?"

ஜனவரியில் உன் மகள் இதையே கேட்டபோது பம்ப் கதையைத்தான் சொன்னேன்.

"இருக்கும்மா," என்றேன். "வளையம் வரைக்கும் இருக்கு. உள்ள வா."

சாவியை இப்போது குன்ட்ஸ் என்னிடமே விட்டுவைத்திருக்கிறார். கதவைத் திறந்து, அவள் துண்டை வாங்கிக்கொண்டு, நான் முன்னால் இறங்கினேன்.

கிளெமான்ஸ்